கரையோடு முடியாத இருப்புப்பாதை: ‘போட் மெயில்’ தொடர்வண்டியும் கொழும்புத் துறைமுகமும் (1876–1964)

ஆய்வுச் சுருக்கம்

சென்னையையும் கொழும்பையும் இணைத்த ‘போட் மெயில்’ தொடர்வண்டி, தமிழ் நினைவுக் குறிப்புகளில் பெரும்பாலும் இழந்துபோன ஓர் இன்பப் பயணமாகவே பதிவாகியுள்ளது. கப்பலேறுவதற்காக இருப்புப்பாதை வழியே துறைமுகம் சென்ற இப்பயணம் எல்லாப் பயணிகளுக்கும் ஒரே பயணமாக இருந்ததா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. தூத்துக்குடி, தனுஷ்கோடி ஆகிய இரு துறைகளின் வரலாற்றையும், மண்டபம் முகாமின் செயற்பாட்டையும், 1964ஆம் ஆண்டின் இருவேறு நிகழ்வுகளையும் இணைத்து நோக்கி, இவ்வழியின் வரலாற்றைத் தோட்டத் தொழிலாளரின் நிலையிலிருந்து மீண்டும் வாசிக்க வேண்டிய தேவையை இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: போட் மெயில், தென்னிந்திய இரயில்வே, தூத்துக்குடி, தனுஷ்கோடி, மண்டபம் முகாம், தகரத் துண்டு, மலையகத் தமிழர்.

முன்னுரை

சென்னையிலிருந்து இராமேசுவரம் செல்லும் விரைவு வண்டிகளுள் ஒன்றை முதியோர் பலர் இன்றும் ‘போட் மெயில்’ என்றே வழங்குவர். அவ்வண்டி எந்தக் கப்பலையும் சென்று சேர்வதில்லை. கப்பல் நின்று பல ஆண்டுகள் கழிந்த பின்னும் வண்டியின் பெயரில் கப்பல் எஞ்சியிருப்பதே அவ்வழி மக்கள் வாழ்வில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும்.

துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பலுக்காகவே இயங்கிய தொடர்வண்டிகள் உலகின் பல பகுதிகளில் இருந்தன. இந்தியாவுக்கான அஞ்சலும் பயணிகளும் இலண்டனிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை இருப்புப்பாதையில் வந்து கப்பலேறியது அவற்றுள் புகழ்பெற்றது. பம்பாயின் பல்லார்டு துறையில் கப்பலிலிருந்து இறங்கியோரைப் பெசாவர் வரை கொண்டுசென்ற பிராண்டியர் மெயில் 1928இல் தொடங்கியது. அவ்வண்டிகளைப் போலவே போட் மெயிலும் அதிகாரிகளையும் அஞ்சல் மூட்டைகளையும் சுமந்தது. ஆனால் அதன் மூன்றாம் வகுப்பில், சொந்தப் பணத்தில் சீட்டு வாங்காத, எந்தத் துறையில் எத்தனை நாள் தங்க நேரும் என்பதைத் தாமே முடிவு செய்ய இயலாத ஒரு பெருந்திரளும் பயணம் செய்தது. இவ்வழியின் வரலாற்றை எழுதுவோர் இத்திரளைத் தனித் தலைப்பாக ஒதுக்கிவிட்டுப் பாலம், கப்பல், உணவுப்பெட்டி ஆகியவற்றைப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே வண்டியின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

தூத்துக்குடி: ஆழமற்ற துறையும் நீண்ட பாதையும்

தென்னிந்திய இருப்புப்பாதை கொழும்பை நோக்கி நீண்டதற்குக் காரணம் தூத்துக்குடியின் சிறப்பன்று, கொழும்பின் வளர்ச்சியேயாகும். 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்ட பின் ஐரோப்பாவிலிருந்து ஆத்திரேலியாவுக்கும் கீழைக் கடலுக்கும் சென்ற நீராவிக் கப்பல்களுக்கு இலங்கை இடைத்தங்கலாயிற்று. தொடக்கத்தில் காலித் துறையே அவற்றை ஏற்றது. கொழும்பின் அலைத்தடுப்புச் சுவருக்கு வேல்சு இளவரசர் 1875 திசம்பரில் அடிக்கல் நாட்டினார். அதே மாதத்தில் அவர் கடல் கடந்து தூத்துக்குடியில் இறங்கிப் புதிதாக அமைந்த இருப்புப்பாதையில் மதுரைக்குச் சென்றார். பொதுப் போக்குவரத்துக்காக மதுரை – தூத்துக்குடிப் பாதை 1876 சனவரியில் திறக்கப்பட்டது. சுவரும் பாதையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கியமை தற்செயலாக இருக்கலாம்; எனினும் விளைவு தற்செயலானதன்று. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலிருந்து விழுப்புரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வழியாகத் தூத்துக்குடி வரை மீட்டர்பாதை முழுமை பெற்றபோது, சென்னை மாகாணத்தின் உட்பகுதியில் வாழ்ந்த ஓர் அதிகாரியோ காப்பித் தோட்ட முதலாளியோ தொடர்வண்டியிலும் ஓரிரவுக் கப்பலிலுமாகக் கொழும்பை அடைந்து, அங்கே பெருங்கப்பலுக்கு மாறும் வாய்ப்புப் பிறந்தது.

ஆனால் அவ்வண்டி சென்றடைந்த துறை, துறைமுகம் என்னும் சொல்லுக்கு முழுதும் பொருந்தியதன்று. தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டன. வண்டியிலிருந்து இறங்கியோர் சிறு நீராவிப் படகுகளில் அலையோடு போராடிக் கப்பலை அடைந்தனர். பின்னரே ஏறத்தாழ 150 மைல் கொண்ட கடற்பயணம் தொடங்கியது. பருவக்காற்றுக் காலத்தில் இருப்புப்பாதைப் பயணத்தைவிட இச்சில மைல்களே பயணிகளை அதிகம் வருத்தியிருக்கும்.

இத்துறையில் பயணிகளுக்காக நிகழ்ந்த போட்டியே வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் முயற்சி. 1906இல் தோன்றிய சுதேசி நாவாய்ச் சங்கம் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களைப் பிரிட்டிசு இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்கு எதிராக இயக்கியது. இப்போராட்டம் கடலில் நிகழ்ந்ததாகவே பெரிதும் பேசப்படுகிறது. உண்மையில் அது தொடர்வண்டி நின்ற இடத்தில் நிகழ்ந்தது. வண்டியிலிருந்து இறங்கும் பயணி எந்தப் படகில் கால்வைக்கிறான் என்பதே இரு கம்பெனிகளின் வாழ்வையும் தீர்மானித்தது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைப் பெரிதும் குறைத்ததும் இதன் பொருட்டே. 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். சில ஆண்டுகளில் சங்கமும் கலைந்தது.

அந்நாளில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து சுதேசியத்தாரின் பகையைத் தேடிக்கொண்ட ஆசு, 1911 சூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். அப்போது அவர் தம் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்து, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலின் இணைப்புக்காகக் காத்திருந்தார். கப்பலை எதிர்நோக்கும் கால அட்டவணை, கப்பலுக்கே செல்லாத பயணிகளின் அசைவையும் எவ்வளவு கட்டுப்படுத்தியது என்பதற்கு இந்நிகழ்வு ஒரு சான்று.

பாம்பன் பாலமும் தனுஷ்கோடித் துறையும்

தூத்துக்குடி வழியின் இரவுக் கடற்பயணத்தைக் குறுக்க வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902இல் பாதை அமைந்தது. ஆதாம் பாலம் எனப்பட்ட மணல்திட்டுகளின் மேலேயே இருப்புப்பாதையை இலங்கைக்குக் கொண்டுசெல்லும் திட்டமும் பேசப்பட்டது. செலவு கருதி அது கைவிடப்பட்டது. பாம்பன் கால்வாயின் மேல் பாலம், தனுஷ்கோடியில் துறை, அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் என்னும் மாற்றுத் திட்டமே நிறைவேறியது.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் பாலம் 2,065 மீட்டர் நீளமும் 145 கண்களும் கொண்டது. இடையே கப்பல்கள் செல்வதற்காகச் செர்சர் முறையில் அமைந்த இரட்டைத் தூக்கு, தொழிலாளர் கைவிசையால் சுழற்ற இரு பக்கமும் எழுந்து வழிவிட்டது. அதே ஆண்டில் இலங்கையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையிலான பாதையும் திறக்கப்பட்டது. இரு துறைகளுக்கும் இடையே கடல் ஏறத்தாழ 22 மைல். ‘கர்சன்’, ‘எல்கின்’, ‘ஆர்டிஞ்சு’ ஆகிய கப்பல்களும், பின்னர் ‘இர்வின்’, ‘கோசன்’ ஆகியவையும் அதில் இயங்கின. எல்லாம் இந்தியாவை ஆண்ட ஆங்கிலேய ஆட்சியாளரின் பெயர்கள். இக்கடலைத் தலைமுறைகளாக அறிந்த மரைக்காயர், பரதவர், கடையர் ஆகியோரின் மொழியிலிருந்து ஒரு பெயரும் எடுக்கப்படவில்லை.

இங்கு ஒரு தொழில்நுட்பச் செய்தியைக் குறிப்பிடல் தகும். தென்னிந்திய இரயில்வே மீட்டர்பாதையைக் கொண்டது. இலங்கை இரயில்வேயோ ஐந்தடி ஆறங்குல அகலப்பாதையைக் கொண்டது. ஆகவே கடலின்மேல் பாலம் போட்டிருந்தாலும் சென்னையில் ஏறிய பெட்டி கொழும்பு வரை ஓடியிருக்க இயலாது. எங்கேனும் ஓரிடத்தில் பயணிகள் இறங்கி ஏறியே ஆகவேண்டும். ‘ஒரே சீட்டில் சென்னை – கொழும்பு’ என்று பெருமையாகச் சொல்லப்பட்ட பயணம், தொடக்கத்திலிருந்தே இரண்டு அரசுகளின் இரண்டு அளவுகளைக் கொண்ட பயணம்தான்.

வசதி படைத்த பயணிக்கு இவ்வேறுபாடு பெருந்தொல்லை தரவில்லை. இரவில் எழும்பூரில் ஏறியவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடித் துறையில் இறங்குவார். வண்டி நின்ற இடத்துக்கு அருகிலேயே கப்பல் நின்றது; தூத்துக்குடியின் சிறுபடகுத் துன்பம் இங்கில்லை. ஓரிரு மணி நேரக் கடற்பயணத்தின் பின் தலைமன்னாரில் காத்திருக்கும் இரவு வண்டியில் உறங்கி, அடுத்த நாள் காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் விழிக்கலாம். தென்னிந்திய இரயில்வே வெளியிட்ட படங்கள் நிறைந்த வழிகாட்டி நூல்கள் சிதம்பரம், தஞ்சை, மதுரை, இராமேசுவரம் ஆகிய கோயில்களை இவ்வழியின் காட்சிகளாக வரிசைப்படுத்தின.

மண்டபம்: வண்டி நின்றபின் நீண்ட காத்திருப்பு

அதே வண்டியின் மூன்றாம் வகுப்பில் வந்த தோட்டத் தொழிலாளிக்குப் பயணம் தனுஷ்கோடி வரை ஒரே ஓட்டமாக அமையவில்லை. மண்டபத்தில் அவன் இறக்கப்பட்டான்.

இதன் பின்னணி பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பாம்பன் பகுதியிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, வன்னிக் காடுகளின் வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழி நெடுகப் பலரை மாய்த்தன. நூற்றாண்டின் இறுதியில் நோய் அச்சத்தால் அவ்வழி மூடப்பட்டபோது தொழிலாளர் வரவு தூத்துக்குடி இருப்புப்பாதைக்குத் திருப்பப்பட்டது. காப்பி அழிந்து தேயிலை வளர்ந்திருந்த காலம் அது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவை. பருவத்துக்கு வந்து திரும்பும் ஆள் போதாது. குடும்பத்தோடு ஆள் வேண்டியிருந்தது. 1904இல் இலங்கைத் தோட்டத் துரைமாரின் சார்பில் ஆள்சேர்ப்பை ஒழுங்குபடுத்தும் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்டது. அது திருச்சியில் அமைந்ததற்கு இருப்புப்பாதைச் சந்திப்பு என்பதைத் தவிர வேறு பெருங்காரணம் தேட வேண்டியதில்லை.

இம்முறையின் உயிர்நாடி ஒரு சிறு உலோகத் தகடு. தோட்டத்தின் அடையாள எழுத்தும் எண்ணும் பொறித்த அத்தகரத் துண்டுகளைத் துரையிடம் பெற்ற கங்காணி, தன் ஊருக்குச் சென்று ஆள்கட்டி ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுப்பான். அதைக் காட்டினால் வண்டியும் உணவும் கப்பலும் கிடைக்கும். செலவு உரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டத்தின் கணக்கு கங்காணியின் கணக்காகவும், கங்காணியின் கணக்கு தொழிலாளியின் கடனாகவும் இறங்கும். மேல்வகுப்புப் பயணியின் சீட்டு பயணத்தோடு முடிந்தது. தொழிலாளியின் தகடு காட்டிய செலவு, பயணம் முடிந்தபின்னரே வேலை செய்யத் தொடங்கியது. இதனோடு பெயர் ஒற்றுமையால் குழப்பப்படும் ‘துண்டு’ வேறு: அது தொழிலாளி இவ்வளவு கடன் தீர்த்தால் விடுவிக்கப்படுவான் என்று துரை எழுதிக் கொடுத்த தாள். அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் எழுத்துகள் பல உள்ளன. ஒன்று பயணத்துக்குரியது, மற்றொன்று விடுதலைக்குரியது என்னும் வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று.

தனுஷ்கோடி வழி திறந்தபின் மண்டபத்தில் இலங்கை அரசின் முகாம் அமைந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. ஆக, தொழிலாளி பொருந்தும் நாட்டை அடையும் முன்னரே அந்நாட்டின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டான். அங்கு ஏறத்தாழ ஒரு வார காலம் வைக்கப்பட்டு, அம்மைத் தடுப்புக் குத்தப்பட்டு, கொக்கிப்புழுவுக்கு மருந்தளிக்கப்பட்டு, உடைகள் நோய்நீக்கம் செய்யப்பட்ட பின்னரே கப்பலேற அனுமதிக்கப்பட்டான். வடபாதையின் மரணங்களோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாடு எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. எனினும் நோய் வண்டியின் வகுப்பறிந்து பரவுவதில்லை. சோதனையின் கடுமை வகுப்பறிந்து அமைந்தது. எழும்பூர்ப் பயணி நாற்பது மணி நேரத்துக்குள் கொழும்பைக் கண்டபோது, அவனோடு ஒரே வண்டியில் வந்த திருச்சி, சேலம், புதுக்கோட்டைக் குடும்பங்கள் மண்டபத்து மணலில் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தன. ‘விரைவு’ என்பது போட் மெயிலின் பொதுப்பண்பன்று; சில பெட்டிகளின் பண்பு.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன்கீழ் அடுத்த ஆண்டில் வந்த விதிகளும் கங்காணிகளுக்கு உரிமச் சீட்டை வலியுறுத்தின. 1939 ஆகத்தில் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் இவ்வழியில் சென்றோர் பெரும்பாலும் வணிகர், ஊர்வந்து திரும்பும் பழைய தொழிலாளர், மாணவர், யாத்திரிகர் ஆகியோரே. விடுதலைக்குப் பின் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் சேர்ந்தபோது, ஒரு காலத்தில் தகரத் துண்டே போதுமாயிருந்த கடலைக் கடப்பது ‘கள்ளத்தோணி’ என்னும் வசைக்குரியதாயிற்று. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நோக்கியும் இச்சொல் வீசப்பட்டது. அவர்களின் முன்னோர் அரசு வகுத்த வழியில், அரசு எண்ணிட்ட தகட்டோடு வந்தவர்கள் என்பதை அவ்வசை மறைத்தது.

1964: இரு நிகழ்வுகள்

1964 திசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கிய நிலையில் கடலலையால் அடித்துச் செல்லப்பட்டது. 110 பயணிகளும் 5 ஊழியர்களுமாக 115 பேர் மாண்டனர் என்பது பரவலாகக் குறிக்கப்படும் கணக்கு. சீட்டின்றி ஏறியோர் இக்கணக்கில் அடங்கார். மூழ்கியது போட் மெயில் என்று சில எழுத்துகளில் காணப்படுவது பிழை; அது உள்ளூர்ப் பயணிகள் வண்டி. பாம்பன் பாலத்தின் 126 சட்டங்கள் வீழ்ந்தன. தூக்குப்பாலம் மட்டும் தப்பியது. பொறியாளர் ஈ. சிறீதரன் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. கப்பல் இராமேசுவரத்துக்கு இடம்பெயர்ந்தது.

இப்புயலைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி. அதற்கு ஐம்பத்து மூன்று நாள் முன்னர், அக்டோபர் 30 அன்று, கையெழுத்தான சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் இவ்வழியின் வரலாற்றோடு சேர்த்துப் பேசப்படுவதில்லை. நாடற்ற 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும், எஞ்சிய 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் முடிவு செய்யவும் அது வகை செய்தது. புயல் தனுஷ்கோடித் துறையை அழித்த வேளையில், அத்துறை வழியே சென்றோரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எதிர்த்திசையில் திருப்பும் ஏற்பாடு ஆயத்தமாகிவிட்டிருந்தது.

திரும்பிய பயணத்தின் உறுப்புகள் பழையவையே. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் வரை வண்டி. அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். பின்னர் மண்டபம் முகாம். மலையக வழக்கில் தொடர்வண்டி ‘கோச்சி’ எனப்படும். தாயகம் திரும்புவோர் என்று அரசு ஏடுகள் குறித்தவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையகம் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. தாத்தன் நோய்ச்சோதனைக்காகத் தங்கிய மண்டபத்தில் பேரன் குடும்ப அட்டைக்கும் மறுவாழ்வு ஆணைக்கும் காத்திருந்தான். அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டனர். எந்தப் பயிருக்காகக் கடல் கடந்தார்களோ அப்பயிருக்கே கடல் கடந்து மீண்டார்கள்.

இராமேசுவரம் – தலைமன்னார்க் கப்பல் 1980களின் முற்பகுதியில் இலங்கையின் இனப்போரால் நின்றது. மண்டபம் முகாம் நிற்கவில்லை. போருக்குத் தப்பித் தோணிகளில் வந்த ஈழத்தமிழர் ஏதிலிகள் அதில் குடியமர்த்தப்பட்டனர். 1990இல் போரின் நடுவே மூடப்பட்ட தலைமன்னார்ப் பாதை, இந்திய உதவியுடன் மீளமைக்கப்பட்டு 2015 மார்ச்சு 14 அன்று துறைவரை திறக்கப்பட்டது. பாம்பன் பாதை 2007இல் அகலப்பாதையாயிற்று. 2025 ஏப்ரலில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. கடலின் இரு கரையிலும் இருப்புப்பாதை ஐந்தடி ஆறங்குலம் என்னும் ஒரே அளவை அடைந்திருக்கிறது. 1914இல் கப்பல் இருந்தது, அளவு ஒன்றாயில்லை. இன்று அளவு ஒன்றாகியும் இடையே ஓடக் கப்பலில்லை.